ஒத்தி நிலமும் முப்பது வருஷமும்



நிலம் என்றதும் நாம் 1892இலிருந்துதான் தொடங்குகிறோம். செங்கற்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, அதையொட்டி வந்த பஞ்சமி நிலம், காரணை நிலத்துக்காக 1994இல் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸ், ஏழுமலை. இவை நமக்கு மனப்பாடம். பறித்துக்கொண்ட நிலத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், நாமே கைநாட்டு வைத்துக் கொடுத்த நிலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒத்தி வைத்த நிலம் அது.

ஒத்தியில் பணம் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தை அனுபவிக்கிறார், அவ்வளவுதான். நிலம் அவருடையதாகிவிடாது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 60ஆம் பிரிவு மீட்கும் உரிமையைத் தருகிறது. ‘இனி மீட்க மாட்டேன்’ என்று அதே பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் அந்த வரி செல்லாது.

ஊரில் சொல்வது வேறு. “முப்பது வருஷம் ஆயிடுச்சு, இனி எங்க நிலம்” என்பார்கள். நம்மவர்களும் நம்பிவிடுகிறார்கள். காலவரையறைச் சட்டத்தில் அந்த முப்பது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அனுபவ ஒத்தியில், ஒத்தி வைத்த நாளிலிருந்து காலம் ஓடாது. கடன் தீர்ந்த பிறகோ, பணத்தை நீதிமன்றத்தில் கட்டிய பிறகோதான் ஓடத் தொடங்கும். பணத்தை வாங்க மறுத்தால் 83ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் கட்டலாம். தாத்தா வைத்த ஒத்தியைப் பேத்தி மீட்கலாம்.

நாம் உண்மையில் தோற்பது கிரயத்தில். “பணம் கொடுத்தா திருப்பி எழுதித் தர்றேன்” என்பது வாய்ச்சொல். பத்திரமோ சுத்தக் கிரயம். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லையென்றால் அது அடமானமே ஆகாது என்று 1929இல் திருத்தம் வந்தது. தனித்தாளில் எழுதி வாங்கினாலும் அடமானம் ஆகாது. படிக்கத் தெரிந்த இருவருக்கிடையே இது நல்ல விதிதான். வாசித்துக் காட்டாத பத்திரத்தில் கைநாட்டு வைத்தவருக்கு?

ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் சர்வே எண்ணைக் கேட்போம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, ஒத்தியா கிரயமா என்று முதலில் பார்ப்போம். பஞ்சமி நிலமென்றால் கிரயப் பத்திரமே கேள்விக்குள்ளாகும். ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதவருக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்பது ஒப்படையின் நிபந்தனை. அதற்குப் பழைய அ-பதிவேட்டின் நகலும் கையில் வேண்டும்.