மரபைக் கற்றவருக்கே மாற்றும் உரிமை

மரபுக் கலை என்றால் முன்னோர் வரைந்ததை அப்படியே திரும்ப வரைவதா? அல்லது அந்தக் கலையைக் கற்றுத் தேர்ந்து, அதைக் கொண்டு இன்றைய வாழ்வைப் பேசுவதா? லாகூரில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற ஓவியர் ஷாஸியா சிகந்தரின் படைப்புகள் இக்கேள்விக்கு விடை தருகின்றன.

16ஆம் நூற்றாண்டில் பாரசீக ஆசான்களின் வருகையால் முகலாய அரசவையில் செழித்தது சிற்றோவியக் கலை. ஓர் ஏட்டுப் பக்கத்துக்குள் தர்பார், வேட்டை, போர், காதல் அனைத்தும் அடங்கிவிடும். ஆனால் 1980களில் லாகூரிலேயே இதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் நகல் படமாகப் பலர் எண்ணினர்.

1969இல் பிறந்த ஷாஸியா, அங்குள்ள தேசியக் கலைக் கல்லூரியில் பஷீர் அகமதுவிடம் இக்கலையை விரும்பிப் பயின்றார். தாள்களை அடுக்கி ஒட்டி, வழவழப்பாகத் தேய்த்து 'வஸ்லி' தாள் செய்வது, அணில் முடித் தூரிகையால் நுணுக்கமாக வண்ணமிடுவது என எல்லாவற்றையும் பொறுமையாகக் கற்றார்.

1989-90இல் அவர் வரைந்த 'சுருள்' என்ற ஓவியம் ஏறத்தாழ ஐந்தடி நீளம். அதில் அரசரும் இல்லை, போர்க்களமும் இல்லை. ஒரு வீட்டின் அறைகள்தோறும் வெண்ணிற ஆடையில் ஓர் இளம்பெண் நடமாடுகிறாள். அவள் முகம் நமக்குத் தெரிவதில்லை. இறுதியில் அவளே ஓவியம் தீட்டுகிறாள்! பிறர் வரைய நின்ற பெண், இங்கே வரைபவளாகிறாள்.

2003இல் வந்த 'ஸ்பின்' என்ற அசைவூட்டப் படத்தில், முகலாய தர்பார் மண்டபத்தைக் கோபியர் நிறைக்கின்றனர். அவர்களின் கூந்தல் தனியே பிரிந்து பறவைக் கூட்டம்போல் பறக்கிறது. ஆண்களின் அதிகார மண்டபத்தில் பெண்களுக்கு இடம் எங்கே என்று அப்படம் கேட்கிறது.

இத்தகைய கேள்விகளுக்கு எதிர்ப்பும் வரும். அவர் வடித்த 18 அடி உயரப் பெண் சிலை, 2023இல் நியூயார்க் பூங்காவில் நின்றது. 2024இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, கொம்புபோல் வளைந்த அதன் சடையைக் கண்டு, சாத்தானின் உருவம் என்று சிலர் எதிர்த்தனர். அவ்வாண்டு ஜூலையில், புயல் வீசிய வேளையில் சிலையின் தலை துண்டிக்கப்பட்டது. அதைச் சீரமைக்க வேண்டாம் என்றார் ஷாஸியா. நிகழ்ந்த வன்செயலை மக்கள் காணட்டும் என்பது அவர் எண்ணம்.

மரபை அறியாமல் மாற்றுவது எளிது. மாற்றாமல் காப்பதாகச் சொல்வதும் எளிது. முழுமையாகக் கற்று, அதில் விடுபட்டவர்களுக்கு இடம் தருவதே கடினம். மரபு வாழ்வது அந்தக் கடின உழைப்பால்தான்.