வெள்ளமும் நம் விழிப்பும்



வெள்ளத்தை இயற்கையின் சீற்றம் என்பர். அது பாதி உண்மையே. மழை மேடு பள்ளம் பாராது பெய்கிறது. ஆயின் பள்ளத்தில் குடியிருப்போர் யாவர்? ஊர் மேட்டிலும் சேரி வடிகால் ஓரத்திலுமாக அமைந்தது மழையின் செயலன்று, மனிதரின் செயல். ஏரிகள் தூர்ந்து, நீர்வழிகள் மனைகளான பின், 2015ஆம் ஆண்டின் பெருமழை சென்னையையும் கடலூர் மாவட்டத்தையும் சூழ்ந்தபோது இதனைக் கண்கூடாகக் கண்டோம்.

வெள்ளம் வடிந்தாலும் துயரம் வடிவதில்லை. பயிர் அழிந்தால் நிலமுடையார்க்கு இழப்பீடு உண்டு. கூலி இழந்தோர் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைத் தாக்கியபோது, நிவாரண முகாம்களிலும் நம்மவர் ஒதுக்கப்பட்ட செய்திகள் வெளிவந்தன.

மறு ஆண்டு, 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் பிறந்தது. நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி வேற்றுமை காட்டலாகாது என்கிறது அதன் 61ஆம் பிரிவு. ஆயினும், ஏட்டிலுள்ள சட்டம் தானே நடந்து நம் தெருவிற்கு வாராது. அதனைப் படித்துக் காட்டவும், வீடுதோறும் இழப்பைக் கணக்கெடுக்கவும், மேட்டு நிலத்தில் மனைப்பட்டா கேட்டு மனு எழுதவும் தெருவுக்கொரு இளைஞர் வேண்டும்.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி வளர்த்தது இதற்காகவே. கற்போம், கற்றதைக் கொண்டு நம்மவரைக் காப்போம்.