சேப்பாக்கம் எழுந்து நின்ற நாள்

(படிப்பகத்து இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாப்பும் அணியும் கற்பிக்கும் ஒருவனை மட்டைப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச அழைத்துவிட்டீர்கள். 'ஐயாவுக்கு இதில் என்ன தெரியும்?' என்று பின்வரிசையில் எவரோ முணுமுணுத்ததும் என் செவியில் விழுந்தது. ஆடி அறியேன், உண்மை. ஆனால், வானொலிப் பெட்டியில் காதை ஒட்டவைத்துக் கேட்டு வளர்ந்தவன் நான். ஓட்டம், வீச்சு, எல்லைக்கோடு எனத் தமிழிலேயே ஆட்டத்தைக் கண்முன் நிறுத்திக் காட்டிய அக்குரல்களுக்குக் கடன்பட்டவன்.

2027-ஆம் ஆண்டின் ஒருநாள் ஆட்ட உலகக்கோப்பைக்குத் தென்னாப்பிரிக்கா, சிம்பாபுவே, நமீபியா ஆகிய மூன்று நாடுகள் களமாகக் குறிக்கப்பட்டுள்ளன. அங்கே இந்தியாவும் பாக்கித்தானும் எதிர்ப்படுமா, எதிர்ப்படின் எவர் வெல்வர் என்பதே உங்கள் வினா. வெற்றியை முன்னறிந்து கூற நான் கணியன் அல்லன். அந்நாளில் நாம் எப்படி இருப்போம் என்பதே என் கவலை.

இவ்விரு நாடுகளும் முதன்முதல் ஒருநாள் ஆட்டம் ஆடியது 1978 அக்டோபர் 1-ஆம் நாள், குவெட்டாவில். நான்கே ஓட்டத்தில் இந்தியா வென்றது. நவம்பர் 3-ஆம் நாள் சாகிவாலில் கசப்பு முளைத்துவிட்டது. இந்தியாவுக்குக் கையில் எட்டு இலக்குகள். 14 பந்துகளில் 23 ஓட்டம் வேண்டும். சர்பராசு நவாசு மட்டையாளரின் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் நான்கு பந்துகளைத் தொடர்ந்து எகிறவிட்டார். நடுவர் தவறென்று காட்டவில்லை. அணித்தலைவர் பிசன்சிங் பேடி தம் ஆட்டக்காரரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். வெற்றி பாக்கித்தானுக்கு எழுதப்பட்டது. 1986-இல் சார்சாவில், கடைசிப் பந்தில் நான்கு ஓட்டம் தேவைப்பட, சாவேது மியாண்டாது ஆறு அடித்ததை உங்கள் தந்தையர் இன்னும் மறந்திரார். கசப்பின் கதையைச் சொல்லப் பலர் உளர். நான் நம் சேப்பாக்கத்தின் கதையைச் சொல்கின்றேன்.

1997 மே 21. சென்னையின் கத்திரிப் புழுக்கத்தில் சயீது அன்வர் 146 பந்துகளில் 194 ஓட்டம் குவித்தார். தசை பிடித்துக்கொண்டது; தமக்காக ஓடச் சாகித்து அப்ரீதியைத் துணைக்கொண்டு ஆடினார். ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை எவரும் எட்டாத எண் அது. இந்தியா 35 ஓட்டத்தில் தோற்றது.

அடுத்தது ஐந்து நாள் ஆட்டம். ஆயினும் அதைச் சொல்லாமல் விட இயலாது. 1999 சனவரியில் பாக்கித்தான் அணி வரக்கூடாதென்று சிலர் தில்லி ஆடுகளத்தையே தோண்டிச் சிதைத்தனர். முதல் ஆட்டம் சேப்பாக்கத்துக்கு வந்தது. சச்சின் தெண்டுல்கர் முதுகுவலியோடு 136 ஓட்டம் எடுத்தார். அவர் வீழ்ந்தபோது வெற்றிக்கு வேண்டியவை 17 ஓட்டங்களே. எஞ்சியோர் நான்கு ஓட்டத்துக்குள் சாய்ந்தனர். பன்னிரண்டு ஓட்டத்தில் தோல்வி! நெஞ்சு வெடிக்கும் அந்நேரத்தில் சேப்பாக்கம் என்ன செய்தது? எழுந்து நின்று பாக்கித்தான் அணிக்குக் கையொலி எழுப்பியது. வென்றவர்கள் அரங்கை வலம்வந்து அதனை ஏற்றுக்கொண்டனர்.

இது நமக்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேரேயே, தோற்று வடக்கிருந்த சேரனை உயர்த்திப் பாடினார் வெண்ணிக்குயத்தியார். ஒரு குயவர்குடிப் பெண். சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவருள் எத்துணைப்பேர் புறநானூறு படித்தவர்? மிகச் சிலரே இருப்பர். இருந்தும் நின்றார்கள்.

2025-இல் நிலை மாறிற்று. பகல்காமில் ஏப்பிரல் திங்கள் நிகழ்ந்த கொலைகளும், அடுத்து மூண்ட மோதலும் நாம் அறிந்தவை. செப்டம்பர் 14-ஆம் நாள் துபாய் ஆட்டத்தில் இந்திய அணியினர் கைகுலுக்காது சென்றனர். அக்டோபர் 5-ஆம் நாள் கொழும்பில் மகளிர் உலகக்கோப்பையிலும் அவ்வாறே. கொலையுண்டோர் வீட்டுக் கண்ணீரை நான் குறைத்து எண்ணவில்லை. ஆனால், களத்தில் வந்து நின்ற இருபது அகவைப் பெண்ணா அக்கொலையைச் செய்தாள்? விடை எனக்குத் தெரிகிறது, உங்களுக்கும் தெரியும்.

என் குற்றம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல்லாண்டுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், இவ்விரு அணிகளும் ஆடுவதற்கு முதல்நாள், ஒன்பதாம் வகுப்பில் ஓர் இசுலாமிய மாணவனைச் சூழ்ந்துகொண்டு, 'நாளைக்கு நீ எந்தப் பக்கம்?' என்று கேட்டனர். குறளைப் பிழையறச் சொல்லும் பிள்ளை அவன். நான் கேட்டும் கேளாதவன்போல் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தபோதும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

போகட்டும். ஆட்டத்தில் எதைக் காணவேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு வருகின்றேன். 2011 அக்டோபர் முதல் ஒருநாள் ஆட்டத்தில் இருமுனையிலும் தனித்தனிப் புதுப்பந்து வந்தது. ஆறு பந்து கொண்ட சுற்றுகள் ஐம்பது. ஆகவே ஒரு பந்துக்கு 25 சுற்றே அகவை. பந்து முதுமை எய்தவே இல்லை! ஒருபுறம் தேய்ந்து மறுபுறம் மெருகேறிய பழம்பந்தைக் காற்றில் எதிர்ப்புறமாக வளைக்கும் கலை, இம்ரான் கானும் வாசிம் அக்ரமும் பேரெடுத்த கலை, வாய்ப்பின்றி வாடிற்று. 2025 சூலை முதல் விதி மாறியுள்ளது: 34 சுற்று முடிந்ததும் இரண்டில் ஒரு பந்தைத் தேர்ந்து, எஞ்சிய 16 சுற்றும் அதனைக் கொண்டே வீசவேண்டும். முடிவில் அப்பந்துக்கு 33 சுற்று அகவையாகிவிடும். கடைசிப் பத்துச் சுற்றுகளைக் கண்ணிமைக்காமல் பாருங்கள். பழைமைக்கு ஒரு மதிப்பு வந்ததில் என்போன்றோர்க்கும் சற்று மகிழ்ச்சி.

அவ்வாட்டம் வந்தால் இங்கே தொலைக்காட்சிப் பெட்டி வைப்பதாகச் செயலாளர் கூறினார். முன்வரிசையில் எனக்கு இரண்டு இருக்கை வேண்டும். அந்த மாணவன் இன்று இவ்வூர்க் கடைத்தெருவில் கடை வைத்திருக்கின்றான்; அவனை நானே நேரில் சென்று அழைத்துவரப் போகின்றேன். பாக்கித்தான் பந்து வீச்சாளர் ஒரு நல்ல பந்து வீசினால் முதலில் நான் கைதட்டுவேன். அவன் தட்டுவதும் தட்டாததும் அவன் விருப்பம். பின்வரிசையில் எவரேனும் எதையேனும் முணுமுணுத்தால், இம்முறை என் கையில் வருகைப் பதிவேடு இராது.