கூலியை இழக்காமல் குடியை விடலாம்
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடியை விட்டுவிட வேண்டும் என்று ஒரு தரமாவது நினைக்காத குடிகாரன் இல்லை. பின் ஏன் வைத்தியத்துக்கு வருவதில்லை? "ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தால் கூலி யார் கொடுப்பார்கள்? நடவு போய்விடும், மில்லில் பெயரை நீக்கிவிடுவார்கள், அடுப்பு எரியாது" என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் வைத்தியம் என்ற எண்ணம் சரியல்ல.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1989-ல் வெளியாயிற்று. குடியை நிறுத்தும்போது மிதமான உபத்திரவம் உள்ள 164 ஆண்களில் 87 பேர் வீட்டிலிருந்து வந்து மருந்து வாங்கினார்கள். 77 பேர் ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. செலவில்தான் வித்தியாசம்! வந்து போனவருக்கு 400 டாலர்கூட ஆகவில்லை. தங்கியவருக்கு 3,300 டாலருக்கு மேல்.

நம் நாட்டில், கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் நடந்த சோதனை 2017-ல் வெளியாயிற்று. குடி முற்றிப்போகாத கட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள். டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் சில தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு 36 பேர் அபாய எல்லையிலிருந்து மீண்டார்கள். அந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 26 பேர்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் குடிப்பவர் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கு மேல் இல்லாதது கண்ணில் தெரியும், புத்தி தடுமாறும். இதில் உயிரே போகலாம். முன்பு இப்படி வந்தவர், ஈரல் கெட்டவர், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் ஆகியோர் ஆஸ்பத்திரியில்தான் சேர வேண்டும். மற்றவர்களுக்கு டாக்டர் நடுக்கத்துக்கு மாத்திரை தந்து, நாளுக்கு நாள் குறைப்பார். அந்த மாத்திரையும் பழக்கமாகக் கூடியது. ஆகவே வீட்டார் கையில் இருக்கட்டும். "பாட்டில் ஏற்றினால் சரியாகும்" என்று ஓடாதீர்கள். குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் என்ற பி-1 சத்து உடம்பில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் மூளை கெடும்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. டைசல்பிரம் என்ற மாத்திரை உண்டு. ரப்பர் தொழிலில் புழங்கும் இந்த இன ரசாயனத்தைத் தொட்டு வேலை செய்த தொழிலாளர்களால் குடிக்க முடியவில்லை என்று ஆலை டாக்டர் ஒருவர் 1937-ல் எழுதினார். மருந்தானது 1948-ல், டென்மார்க்கில். இதைத் தின்றபின் குடித்தால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். குழம்பில் ஒளித்துப் போடாதீர்கள்! தெரியாமல் குடித்தவர் செத்தும் போகலாம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் சொன்னபடி, உங்கள் கண்முன்னே சாப்பிடட்டும்.

இது தயவல்ல, உரிமை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் குடியால் வரும் மனநோயையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. அரசு மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். 14446 என்ற எண்ணில் இலவசமாக விசாரியுங்கள்.

மருந்து உடம்பைத்தான் தேற்றும். சம்பள நாள் மாலை அவரோடு வீடுவரை நடப்பது யார்? நாம்தான். மருந்து வாங்கும் நாளுக்கு ஷிப்டு மாற்றித் தருவது யார்? பக்கத்துத் தறித் தோழன்தான். வயலிலும் அப்படியே, களை எடுப்பில் அரைநாள் மாற்றி நிற்க ஆள் உண்டு. மறுபடி சறுக்கினால் கைகொட்டிச் சிரிக்காதீர்கள். ரத்த அழுத்தம் திரும்பினால் மருந்தை மாற்றுகிறோம், மனிதனைத் தள்ளிவைப்பதில்லை. இதுவும் வியாதிதான். நாளைக் காலையே ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள், தோழர்களே!