குளிசையும் குடல்நலமும்



நம்மவர் வாய்விட்டுப் பேச நாணும் உறுப்புக்களுள் பெருங்குடலும் ஒன்று. நான் வைத்தியன் அல்லன், பள்ளிக்கூடத்து ஆசிரியன். ஆயினும் நாணத்தினால் உயிரிழப்போர் உளராதலின், இன்று இதனைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன்.

பெருங்குடலின் உட்சுவரிலே சிறு சதைமுளைகள் தோன்றுவதுண்டு. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒரு சில மட்டும், ஏறக்குறையப் பத்தாண்டுக் காலத்தில், புற்றுநோயாக மாறும். இம்முளைகளைத் தடுக்கும் எனக் கூறிப் பலவகைக் குளிசைகள் விற்கப்படுகின்றன. அவை உண்மையிலேயே பயன் தருவனவா?

முளை அகற்றப்பட்டவர்களை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்கு உண்மைக் குளிசையும் மற்றையோர்க்கு வெறுங் குளிசையும் கொடுத்து ஆராய்ந்தனர் அமெரிக்க அறிஞர். விற்றமின் சீ, விற்றமின் ஈ, பீற்றா கரோட்டீன் ஆகியவற்றால் பயனில்லை என்பது 1994 இல் வெளியாயிற்று. 1999 இல் 930 பேரிடம் நடந்த ஆய்வு முடிவு வந்தது. நாடோறும் 1200 மில்லிகிராம் கல்சியம் உட்கொண்டோருள் நூற்றுக்கு 31 பேருக்கும், உட்கொள்ளாதோருள் 38 பேருக்கும் முளை மீண்டும் தோன்றியது. நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2015 இல் வெளியான, 2259 பேரைக் கொண்ட பெரிய ஆய்வில், கல்சியமோ விற்றமின் டீயோ அந்நன்மையைத் தரவில்லை. போலிக் அமிலத்தை ஆராய்ந்தோர் 2007 இல் கண்டதோ, பயனின்மை மட்டுமன்று. காலப்போக்கில் தீவிர முளைகள் மிகுதியாதலுமாம். அஸ்பிரின் ஓரளவு தடுக்கும். எனினும் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கவல்லது. வைத்தியர் சொல்லாமல் அதனைத் தொடர்ந்து உண்ணலாகாது.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? புகைத்தலை விடுக, மதுவை ஒழிக்க, உடற்பருமன் மிகாது காக்க, நாடோறும் நடக்க. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமென உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2015 இல் அறிவித்தது. அதனைத் தவிர்த்து, தவிடு போகாத அரிசி, குரக்கன், பயறு, கீரை ஆகியவற்றை உண்ணுதல் நன்று. நார்ப்பொருள் மிக்க உணவை நான்காண்டு உண்டோரிடத்தும் முளை குறையவில்லை என 2000 இல் ஓர் ஆய்வு கூறியது மெய்யே. ஆனால் பத்தாண்டில் முதிரும் நோய்க்கு நான்காண்டுச் சோதனை குறுகியது. நல்லுணவு வாழ்நாட் பழக்கமாதல் வேண்டும்.

இவை யாவற்றினும் மேலானது ஒன்றுண்டு. அகநோக்கியைச் செலுத்திக் குடலைப் பார்த்து, முளையைக் கண்டவிடத்தே அகற்றிவிடலாம். அகற்றிய முளை புற்றாவதில்லை. பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருந்ததாயின், எப்போது சோதித்தல் தகும் என்பதை வைத்தியரிடம் முன்னதாகவே கேட்டறிக.

மலத்துடன் இரத்தம் கண்டால், "மூலம்தானே" என்று தாமே தீர்மானித்து, கடையில் மருந்து வாங்கி மாதங்களைக் கழிப்போர் பலர். அது மூலமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். வேறுபாட்டை அறிய வல்லவர் வைத்தியரே. முதியோர் சொல்லக் கூசுவாராயின், பிள்ளைகள் பரிவுடன் கேட்டு அழைத்துச் செல்லுங்கள். குளிசைக்குச் செலவிடும் பணத்தினும் அந்த ஒரு நாட் பயணம் பெருமதி உடையது.