செகண்ட் ஹேண்ட் பாய்லர் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

டிபன் கடை, கேட்டரிங், விடுதி சமையல்கூடம் நடத்துபவர்களுக்கான உரை இது.

போனில் ஒரு விளம்பரம் வருது. ‘ஸ்டீம் பாய்லர், நல்ல கண்டிஷன், பாதி விலை.’ கூடவே நாலு போட்டோ. புது பெயின்ட் பளபளன்னு இருக்கு. அட்வான்ஸ் அனுப்ப விரல் துடிக்குது. அனுப்புறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

பழைய மிக்ஸி பழுதானால் சட்னி அரைபடாது, அவ்வளவுதான். பாய்லர் அப்படி இல்லை. 7 கிலோ அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பம் சுமார் 170 டிகிரி. அழுத்தம்தான் அதைத் தண்ணீராகவே பிடித்து வைத்திருக்கிறது. தகடு கிழிந்தால் அந்தப் பிடி போய்விடும். தண்ணீரின் ஒரு பகுதி நொடியில் நீராவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் முழுசா ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். சமையல்கூடத்தில் அந்த இடம் எங்கே இருக்கு?

முதலில் காகிதம். பதிவு செய்த பாய்லரின் உடலிலேயே பதிவு எண் பொறித்திருக்கும். அந்த எண்ணும் சான்றிதழில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண் மேல் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘போன வருஷ சர்டிபிகேட் இருக்கு சார்’ என்பார்கள். சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு. பொருத்திய பாய்லரைப் பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனால், சில விலக்குகள் தவிர, அது செல்லாது. வெளி மாநிலத்திலிருந்து வந்ததென்றால் அந்த இடமாற்றத்தையும் முறைப்படி தெரிவிக்க வேண்டும்.

அடுத்து கண். கைத்துளை மூடியைக் கழற்றச் சொல்லி, போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். போர் தண்ணீர் ஓடிய பாய்லரில் உப்புப் படிவம் கெட்டியாகப் படிந்திருக்கும். படிவம் வெப்பத்தைத் தண்ணீருக்கு விடாது. நெருப்புப் பக்கத் தகடு அளவுக்கு மீறிச் சூடாகி பலம் இழக்கும். அடிப்பாகத்தில் குழி குழியாகத் துரு இருக்கிறதா, ஒட்டுப் போட்ட மாதிரி வெல்டிங் இருக்கிறதா என்று கவனியுங்கள். பாய்லரின் உடலில் அனுமதியில்லாமல் தெரு முனை வெல்டர் கை வைத்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, காவல் கருவிகள். அழுத்தம் இல்லாதபோது பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக்குழாய் அடைப்பில்லாமல் இருக்க வேண்டும். சேஃப்டி வால்வில் கம்பி கட்டியோ, ‘ஸ்டீம் வேஸ்ட் ஆகுது’ என்று இறுக்கியோ வைத்திருந்தால், அந்தப் பாய்லரை எப்படி ஓட்டியிருப்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

நான்காவது, ஹைட்ராலிக் டெஸ்ட். இதுதான் முக்கியம். பாய்லரில் காற்றே இல்லாமல் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றுவார்கள். 7 கிலோவுக்கு 10.5 கிலோ. முள் இறங்கக் கூடாது. இணைப்புகளில் வியர்வை மாதிரிகூட தண்ணீர் துளிர்க்கக் கூடாது. ஏன் தண்ணீர்? அது சுருங்காது. விரிசல் விட்டாலும் பெரும்பாலும் ஒழுகுவதோடு நின்றுவிடும். ‘காத்து அடிச்சுப் பார்த்தாச்சு’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்காதீங்க. சுருக்கி அடைத்த காற்று விடுபட்டால் வெடிக்கும்; அந்தச் சோதனையே ஆபத்து.

இப்போ சட்டம். 1923-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக கொதிகலன்கள் சட்டம், 2025 வந்துள்ளது. கொள்ளளவு 25 லிட்டருக்கு மேலும், அழுத்தம் 1 கிலோவுக்கு மேலும் இருந்தால் பொதுவாகச் சட்டத்துக்குள் வரும். சிறு தொழில் பாய்லர்களுக்குத் தனி விதிகள் உண்டு. உங்களுடையது எதில் சேரும் என்பதை வாங்கும் முன்பே கொதிகலன்கள் இயக்ககத்தில் கேட்டுவிடுங்கள். ‘இது நான்-ஐ.பி.ஆர். சார், யாரும் கேட்க மாட்டாங்க’ என்று விற்பவர் சொல்லலாம். சட்டம் கேட்காத அளவு சின்னதாக இருந்தாலும், மேலே சொன்ன சோதனைகளை விடாதீர்கள். நீராவிக்கு விதிவிலக்கு தெரியாது.

விற்பவரிடம் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: ‘டெஸ்ட் பாஸ் ஆனால்தான் பணம்.’ நல்ல பாய்லர் வைத்திருப்பவர் சம்மதிப்பார். சாக்குச் சொன்னால் பதில் கிடைத்துவிட்டது என்று திரும்பி வந்துவிடுங்கள்.

விடியற்காலையில் அந்தப் பாய்லர் பக்கத்தில் நிற்கப் போவது நீங்கள், அல்லது உங்களை நம்பி வேலைக்கு வந்தவர். பாதி விலை என்று பார்க்கும்போது அவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.