கீசர் சொட்டினால் என்ன செய்வது?



இப்போ நம்ம உறுப்பினர்கள் பல பேர் வீட்டில் கீசர் இருக்கு. குழுக் கடனில் வாங்கினவங்களும் உண்டு. கடன் அடையுறதுக்கு முன்னாடி டேங்க் ஓட்டையாகக் கூடாது, இல்லையா? அதற்காகத்தான் இந்த நாலு வார்த்தை.

சொட்டுவது எங்கேயிருந்து என்று முதலில் பாருங்க. பச்சைத் தண்ணீர் ஏறும் குழாயில் சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் சூடானால் விரியும். அப்போது அந்த வால்வு லேசாகச் சொட்டினால் பயமில்லை. தொந்தரவாக இருக்குதேன்னு அதை அடைச்சுடாதீங்க. அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டேங்க் வெடிக்கலாம். குழாய் இணைப்பில் கசிந்தால் வாஷர் மாற்றிப் பார்க்கலாம். டேங்கே கசிந்தால் கீசரை மாற்றத்தான் வேணும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்க்காரங்க கவனிங்க. டேங்கைத் துரு பிடிக்காமல் காக்க, உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அது தீர்ந்தால் துரு டேங்கை அரிக்கும். வருஷம் ஒரு தடவை மெக்கானிக்கை வரவழைத்து, அந்தக் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்க.

கசிவைப் பார்த்தால் கீசரைத் தொடாதீங்க. கை ஈரத்தைத் துடைத்துவிட்டு, முதலில் மெயின் போர்டில் கீசருக்கான எம்.சி.பி.யை அணையுங்க. பிறகு தண்ணீர் வால்வை மூடுங்க. அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. வீட்டில் எர்த் சரியாக இருக்கா, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்க. சுவர் நனைந்தால் பூசிக்கலாம். உயிர் போனால் வராது.

இதை அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்லுங்க.